முழங்கை

குகைப் பக்கம் என் கடை.
ஆரோக்கியசெல்வி கொண்டுவந்தது
ராணிப்பேட்டையில் கழித்துப்போட்ட கறுப்பு ஜாக்கெட்.
"காப்பிப் பூ வேணும்க்கா, இடது கை முழுக்க."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
பஞ்சில் கறுப்பு ஏறி, பளபளப்பு செத்து,
தோல் தன் துவாரங்களைத் திறந்தது.
தோளருகே மூன்று குழி. உண்ணி கடித்த இடம்.
எப்படித் திரும்பி நக்கியிருக்கும் அந்த மாடு?

கறுப்பின்மேல் வெள்ளை லேசில் உட்காராது.
தண்ணீர்போல ஒரு பூச்சு. காயணும். இன்னொன்று.
ஐந்தாவதில்தான் பூ என்று சொல்லலாம்.
அவசரப்பட்டு அப்பினால்
மடிப்பில் வற்றிய ஏரியாக வெடிக்கும்.

முழங்கை வந்ததும் போன் போட்டேன்.
"வந்து இதைப் போட்டுக்கிட்டு உட்காரு.
வண்டி ஓட்டுற மாதிரி கையை மடக்கு."
முக்காலியில் உட்கார்ந்து
இல்லாத கிளட்சைப் பிடித்தாள்.
தினமும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஏறுகிறவள்.
"மூணாவது வளைவு," என்றாள், கண்ணை மூடி.

நான் ஒரே தடவை போனேன்.
ஏழாவது வளைவில் வாந்தி; இறங்கிவிட்டேன்.
காப்பிப் பூவைப் படத்தில்தான் தெரியும்.

பிரஷ் நுனி மடிப்புக்குள் போனபோது
அவள் கை நடுங்கியது.
கூச்சமா?
"பனிக்கா. பதினாலு."

அங்கேயே அவளை நிறுத்திவைத்து
மொட்டுகளை முடித்தேன்.
உண்ணிக் குழிகளில் மட்டும் பெயிண்ட் நிற்கவில்லை.
விட்டுவிட்டேன்.

பணம் எண்ணும்போது சொன்னாள்:
"நிஜப் பூ மூணு நாள்தான்க்கா, அப்புறம் பழுத்துடும்."
"இது ரெண்டு வருஷம் தாங்கும்.
மழையில மட்டும் நனைக்காதே."

சிரித்துக்கொண்டே மலைப் பக்கம் கைகாட்டினாள்.
மலை தெரியவில்லை.
அவ்வளவு மேகம்.