நான்காம் வடிகால்

சாரெமா தீவில் நவம்பர்.
மீன் புகையூட்டும் ஆலையில் இரவுக் கழுவல் முடிந்து
தரை இன்னும் ஆவி விடுகிறது.
மண்டியிட்டு, நான்காம் வடிகாலின் வாய்க்குள்
பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றுகிறேன்.
ஒன்றும் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும்;
எல்லோருக்கும் அதுதான் ஆசை.

இங்கே நான்கு டிகிரி. உப்பு. புகை.
வாரம் இருமுறை அமிலம், மறுநாள் குளோரின்.
எதுவும் வாழக் கூடாதென்று
பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை.
அதில் ஒன்று வாழ்கிறது.

லிஸ்டீரியா.
அதற்குள் ஒரு புரதம். யாரும் சிரமப்பட்டு
வைத்த பெயரல்ல: சிக்மா பி.
நல்ல நாளில் இன்னொரு புரதம்
அதன் கையைப் பின்னுக்குக் கட்டி வைத்திருக்கும்.
உப்பு ஏறினால், குளிர் இறுகினால்
கட்டு அவிழும்.
அவிழ்ந்தது போய் மரபிழையருகே நின்று
நூற்றுக்கணக்கான வரிகளை
ஒரே மூச்சில் வாசிக்க வைக்கும்:
நீர் போகாதபடி தாங்கும் பொருளை உள்ளே இழு.
கோணிப்போன புரதங்களை நிமிர்த்து.
வளர்வதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இரு.

அந்த வரிகளில் சில
இந்த வடிகாலுக்கானவை அல்ல.
பித்தநீரை வெளியே தள்ளும் வாய்.
குடல்சுவரைத் தட்டும் விரல்.
மீன்செதிலும் சோப்பு நுரையும் போகும் பாதையில்
பித்தம் ஏது, குடல் ஏது?
ஆனாலும் பட்டியல் ஒன்றுதான்,
வாசிக்கத் தொடங்கினால் அதையும் சேர்த்துத்தான் வாசிக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நாங்கள்தான் இட்டோம். மூன்றரை விழுக்காடு.
அது நினைக்கிறது.

தார்த்துவில் படித்த காலத்தில்
அந்த ஒரு மரபணுவை மட்டும் வெட்டியெடுத்து வளர்த்தேன்.
சத்துச்சாற்றில் சமர்த்தாகத்தான் வளர்ந்தது.
அமிலம் விட்டு ஒரு மணி நேரம்;
மறுநாள் தட்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.
ராயிவோ மேசையைத் தட்டிச் சிரித்தார்: அருமையான முடிவு!
எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.
கத்தியைத் தேடிப் போனவள்
எதனிடமிருந்தோ குடையைப் பிடுங்கி வந்திருந்தேன்.

இதையெல்லாம் எனேலியிடம் சொன்னதில்லை.
வெட்டுமேசையில் நிற்பாள். ஏழாம் மாதம்.
மேலங்கியின் கீழ்ப்பொத்தானைப் போடுவதை விட்டுவிட்டாள்.
எந்திரம் ஒதுக்கும் ஓரத்துண்டை
சட்டென வாயில் போட்டுக்கொள்வது பதினோரு வருஷப் பழக்கம்.
"உப்பு கேட்கிறான்" என்று வயிற்றைக் காட்டுவாள்.
நான் தலையை ஆட்டிவிட்டு
குப்பிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை தட்டைத் திறந்தேன்.
நீலப்பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பால்வட்டம்.
ஒன்பது. மறுபடி எண்ணினேன்.
ஒன்பதுதான்.

இன்னொரு பூட்டும் உண்டு அதற்குள்:
தன்மேலேயே சுருண்டு வாயை மூடிக்கொண்ட இழை.
குளிரில் பேசாது. முப்பத்தேழு டிகிரியில்
மெல்ல நெகிழ்ந்து வாய் திறக்கும்.
காய்ச்சல் வேண்டியதில்லை, வெறும் உடம்பு போதும்.
உடம்புக்குள் இருக்கும் சின்ன உடம்பும் போதும்.

மேலாளர் ஊர்மாஸை அழைக்குமுன் அவளை அழைத்தேன்.
விதிப்படி தப்பு.
"நேற்றும் தின்றேனே" என்றாள்.
அப்புறம், "முந்தாநாளும்."
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது,
நின்றது.

வடிகாலை உடைத்தெடுக்க ஆள் வந்திருக்கிறார்கள்.
ஊர்மாஸ் என்னோடு பேசுவதில்லை.
மருத்துவமனையில் அவள் ரத்தம் இரண்டு குப்பிகளில்,
சத்துச்சாற்றில், முப்பத்தேழு டிகிரியில்.
உள்ளே ஏதாவது இருந்தால்
அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.
ஐந்து நாள் பார்ப்பார்கள்.
இன்று இரண்டாவது.
சாறு கலங்கவில்லை என்று
செவிலி ஹெல்வி சொன்னாள், நான் கேட்காமலே.