பத்துக் கிலோ அரிசி

லாபிஸில், பெட்ரோல் நிலையத்துக்கு அடுத்த தகரக் கொட்டகை என்னுடையது.
செம்பனை உதிரிப் பழம் வாங்குகிறேன்.
தராசுக்கு மேலே பிஸ்மில்லா எழுதிய பலகை.
தராசுக்குக் கீழே ஒரு செங்கல்,
தரை சாய்வு.

அன்றைக்கு ஹபீபுன்னிசா
மளிகைக்குப் போய்வந்த களைப்பில்
அரிசி மூட்டையைத் தராசின்மேல் வைத்தாள்.
தையல் பிரிக்காத மூட்டை, பத்துக் கிலோ என்று அச்சடித்தது.
முள் ஒன்பதரையில் நின்றது.
"கடைக்காரன் ஏமாத்திட்டான், பாருங்க."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்
வேறு கடையில், வேறு மார்க்கில் இன்னொன்று வாங்கி வந்தேன்.
ஒன்பதரை.

டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள்
இடுப்பளவு சேற்றில் நின்ற தராசு அது.

எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான்.
ஆலையின் லாரித் தராசில் என் சரக்கு ஏறும்போதெல்லாம்
நான் வாங்கியதைவிடக் கூடுதலாகவே சீட்டு வந்தது.
மழை, என்றேன். பழம் தண்ணீர் குடித்திருக்கும்.
ஆகஸ்டில் மழையே இல்லை,
சாலையோரத்துப் புல் கருகிக் கிடந்தது.
அப்போதும் மழை என்றேன்.

சாராயம் விற்றதில்லை நான். வட்டிக்கு விட்டதில்லை.
நம்பர் எழுத இடம் கேட்டு வந்தவனைத்
தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியவன்.
ஹராம் என்றால் பேர் சொல்லிக்கொண்டுதான்
வாசலுக்கு வரும் என்று நினைத்திருந்தேன்.
அதுவோ முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவே
ஓர் அரிசி அகலத்தில்
பத்து மாதமாகக் குடியிருந்திருக்கிறது,
என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு.
இல்லை, நான்தான் அதன் சோற்றை.

அன்றிரவு சூராவில் இமாம் ஓதியது
வேறேதோ சின்ன அத்தியாயம்.
எனக்குக் கேட்டதோ
அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குவது.

நோட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தோம்.
அவள் பெயர்களை வாசித்தாள், நான் பெருக்கினேன்.
பவளக்கொடி: வாரம் நாற்பது கிலோ, நாற்பது வாரம்,
கிலோவுக்கு எண்பது காசு.
அறுபத்து நாலு வெள்ளி.
கூட்டி முடித்தபோது
மகளின் கல்லூரிக் கட்டணம் அப்படியே அந்தப் பக்கம் போயிருந்தது.
"எழுதுங்க" என்றாள் ஹபீபுன்னிசா.
பேனா மை தீர்ந்ததுபோல நான் அதை உதறிக்கொண்டிருந்தேன்.

காசை நீட்டியதும் பவளக்கொடி பின்வாங்கினாள்.
"எலெக்சனா, நானா?"
சொன்னேன்.
எண்ணி முந்தானையில் முடிந்தாள்.
"அதுக்கு முந்தின வருசம்?"
அதற்கு முன்னால் தராசு சரியாக இருந்தது என்றேன்.
என் காதுக்கே அது பொய்போலக் கேட்டது.

மூன்றாம் லயத்து சின்னராசு சிரித்து, வேண்டாமென்று,
மறுநாள் வந்து வாங்கிக்கொண்டான்.
ஆலைக்குச் சரக்கேற்றும் ஆ லெங் என் தோளைத் தட்டி
"பைத்தியம்" என்று மலாயில் சொன்னான். அன்பாகத்தான்.

லொம்போக்கிலிருந்து வந்த சஹ்ருல் மட்டும் இல்லை.
பெர்மிட் முடிந்து போய்விட்டான், எண்ணும் மாறிவிட்டது.
முப்பத்தொரு வெள்ளி.
ஆளைத் தேடிப் பார், கிடைக்காவிட்டால் அவன் பேரில் தர்மம் செய்,
நன்மை அவனுக்கு, உனக்கில்லை.
இதுதான் சட்டம்.
ஆறு மாதம் தேடிவிட்டுப் போடலாம் என்று
பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.
சில்லறை தட்டுப்படும்போது
கை அந்தப் பக்கம் போய்த் திரும்பும்.

புதுத் தராசு வந்துவிட்டது, அரசாங்க முத்திரையோடு.
பவளக்கொடி இப்போது
மோட்டார் கூடையில் ஓர் அரிசி மூட்டையோடுதான் வருகிறாள்.
முதலில் அதை வைக்கிறாள்.
குனிந்து முள்ளைப் பார்க்கிறாள்.
அப்புறம்தான் பழம்.

எனக்கு வருத்தமில்லை.
இருக்கிறது.
மூட்டையை இறக்க ஒரு கை கொடுக்கிறேன்.