வாலில் வேறொருவர் நிறம்

ஈரி நகரத்துப் பனி யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.
ஏரி ஒரு மூச்சு விடும்,
ஓடுபாதை காணாமல் போகும்.
காலை நாலு நாற்பதுக்கு விடுதி வேன்.
ஓட்டுநர் ரஸ்ஸல் வானொலியை அணைத்துவிட்டு
"இன்னும் ஒரு ஆள் வரணும்" என்றார்.

ஓடி வந்தவன் தொப்பியைக் கழற்றி உதறினான்.
அவன் தோளில் நாலு கோடு, என் தோளிலும் நாலு.
அவன் டை சிவப்பு, என்னுடையது சாம்பல்.
மற்றபடி
அவன் விமானத்தின் வாலிலும் என் விமானத்தின் வாலிலும்
பெரிய கம்பெனியின் அதே நீலம்.
யார் ஓட்டுகிறார்கள் என்ற உண்மை
கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு எழுதியிருக்கிறது.
ஏறுகிறவர்கள் அந்த நேரம்
தலை இடிக்காமல் குனிவார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து முறை மைக்கில் சொல்கிறேன்,
எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று.
அந்த எங்களில் நான் இல்லை.
லோர்னா வுகோவிச், பதினேழு வருடம், எழுபத்தாறு இருக்கை.
எழுபத்தேழாவது போட்டால்
அது பெரிய கம்பெனிக்காரர்கள் ஓட்ட வேண்டிய விமானம்,
அவர்கள் சங்கம், அவர்கள் சம்பளம்.
ஒரு நாற்காலி அகலம்தான் நடுவே.
பதினேழு வருடமாக அதைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

கதவை மூடி, பிரேக்கை விட்ட பிறகுதான்
எங்களுக்குக் கடிகாரம் ஓடும்.
அதற்கு முன்னால்
டார்ச்சோடு இறக்கையைச் சுற்றி வந்ததும்
உறைபனியைக் கையுறையால் தடவிப் பார்த்ததும்
இணைப்பு விமானம் போய்விடுமா என்று அழுத பெண்ணிடம்
போகாது என்று பொய் சொன்னதும்
என் சொந்தக் கணக்கு.

போன வாரம் கடிதம் வந்தது.
ஆறு வருடம் சம்பளத்தை அதே இடத்தில் நிறுத்த ஒப்புங்கள்.
இல்லையென்றால் நாற்பது விமானம் கைமாறும்,
வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது,
நம்மைவிட மலிவாக.
இன்று இரவுக்குள் வாக்கு. போனில் ஒரு பொத்தான்.

"அந்த மலிவு நீங்கள்தானா?" என்றேன் வேனில்,
விளையாட்டாக,
நாலே முக்காலுக்கு எவ்வளவு விளையாட்டு வருமோ அவ்வளவு.

எம்மெட் ட்ரெட்வே (சட்டையில் பெயர் குத்தியிருந்தது)
பதில் சொல்லாமல் போனை நீட்டினான்.
அதே கடிதம்.
அதே நாற்பது. அதே வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.
மலிவு என்ற இடத்தில் மட்டும்
எங்கள் கம்பெனியின் பெயர்.

"நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்களே."
"எப்போது?"
"அக்டோபரில். அதை நம்பித்தான் நாங்கள் ஆம் போட்டோம்."
அக்டோபரில் எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடிமாட்டு விலைக்குப் பறக்கிறவர்கள் என்று
பீர் குடிக்கும்போது இவர்களை ஏசியிருக்கிறேன்.
சொன்னேன்.
"நாங்களும் அதே வார்த்தைதான்" என்றான்.
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
ரஸ்ஸல் கண்ணாடியில் எங்களைப் பார்த்து,
"இந்த வேனும் விடுதியுடையது இல்லை கேப்டன்,
கதவில் ஸ்டிக்கர்தான்" என்றார்.

காக்பிட்டில் கோல்பி. இருபத்தாறு வயது,
எட்டுப் பேர் அடுக்கிப் படுக்கும் அறையிலிருந்து
அயர்ன் செய்த சட்டையோடு எப்படியோ வந்துவிடுகிறான்.
"நான் ஆம் போட்டுவிட்டேன்" என்றான், பட்டியலைப் படித்துக்கொண்டே.
"ரெண்டே வருஷம். அப்புறம் பெரிய கம்பெனி."
வேனில் கேட்டதைச் சொன்னேன்.
அவன் எரிபொருள் அளவை இன்னொரு முறை படித்தான்.
ரெண்டே வருஷம் என்று இதே இருக்கையில்
நான் சொன்னபோது
என் பக்கத்தில் இருந்தவர் பெயர் மறந்துவிட்டது.

வெளியே பனிநீக்கும் வண்டி
ஆரஞ்சு நிறத் திரவத்தை வால் மேல் அடித்தது.
நீலம் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

கதவு இன்னும் திறந்திருந்தது.
போனை எடுத்து இல்லை என்பதை அழுத்தினேன்.
உறுதியா என்று கேட்டது. மறுபடி அழுத்தினேன்.
பிரேக் விடவில்லை,
இதற்கும் சம்பளம் கிடையாது.