சிக்கு

முப்பத்தெட்டு.
நேற்று இந்நேரம் முப்பத்தொன்று.
கேஜின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.
முள் பொய் சொல்லவில்லை.

கோடை விடுமுறை அறுபது நாளும்
விடுதியில் வார்டன், இரண்டு காவலாளிகள்.
தொட்டிக்குள் என் கோடானுகோடி ஜீவன்கள்
ஒட்டிய வயிறோடு கிடந்தன.
திங்கட்கிழமை கல்லூரி திறந்தது.
எண்ணூறு பிள்ளைகள் ஒரே காலையில் குளித்தார்கள்.
ஷாம்பு, சாம்பார், துணி சோப்பு, சீயக்காய்
எல்லாம் ஒரே மடையில் இறங்கிற்று.
காய்ந்த வயிற்றுக்குத் திடீர் விருந்து வைத்தால்
கொழகொழவென்று கக்கத்தானே செய்யும்?
கக்கியது இழைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இழை என்றால்,
பிழிந்த இடியாப்பத்தை நிமிர்த்தித் தொங்கவிட்டது மாதிரி
வெள்ளைவெளேரென்று ஆயிரக்கணக்கில்.
ஒவ்வொன்றும் உள்ளே குழல்.
ஒரு தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால்
வருகிற அகலம்தான் அதன் வாசல்.
தண்ணீர் நுழையும். அழுக்கு வெளியே நிற்கும்.
நின்ற இடத்திலேயே நின்றால் வாசல் அடைபடும்.

ஆகவே ஒன்பது நிமிடம் உறிஞ்சிவிட்டு
ஒரு நிமிடம் சும்மா விட வேண்டும்.
அந்த ஒரு நிமிடத்தில்
கீழிருந்து வரும் காற்றுக்குமிழ்
ஈரத்துண்டை உதறுவதுபோல் இழையை உதறிவிடும்.
பகல் ஷிப்ட் அருள்ராசு
அந்த ஒரு நிமிடத்தைக் கழற்றி வைத்திருக்கிறான்,
மூன்று நாளாக.
"ஞானதுரை சார்தான் சொன்னாவ.
யாரோ பெரிய ஆளு வாராவளாம்,
புல்லு பச்சையா இருக்கணுமாம்."
இழைக்கு ஒரு நிமிடம் தராதவர்
பன்னிரண்டு மணிநேர ஷிப்டில்
எனக்குச் சோறு தின்ன எவ்வளவு தருவார் என்று
நான் கேட்டுக்கொள்வதில்லை.

ஓய்வைத் திரும்பப் போட்டேன்.
ஓட்டத்தைப் பாதியாக்கினேன்.
நாற்பது.
இறங்க வேண்டியது ஏறுகிறது.

மைதீன் பிச்சையை எழுப்பினேன்.
மேற்கேயிருந்து சாரல் காற்று விசிறியடிக்க
அவன் சங்கிலிக் கப்பியை இழுக்க இழுக்க
கூண்டு சேறு சொட்டிக்கொண்டு மேலே வந்தது.
டார்ச் அடித்தால் இழையைக் காணோம்.
கயிறு.
கட்டைவிரல் தடிமனில், முறுக்கி முறுக்கி.
தொட்டேன்.
மயிர்.
ஒன்றில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை.
வார்டனுக்குத் தெரியுமோ என்னமோ.

முகப்புச் சல்லடையைப் போய்ப் பார்த்தோம்.
இடது மூலையில் கிழிசல், உள்ளங்கை போகும்.
"ஏப்ரல்லயே எழுதிக் குடுத்தியள்லா?"
ஏப்ரலில் எழுதினேன். மே மாதமும் எழுதினேன்.
மருந்து கேன் பதினெட்டு, கேட்காமலே வந்தது.
சல்லடைத் தகடு ஒன்று வரவில்லை.
கேனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது,
தகட்டுக்குக் கையெழுத்து வேண்டுமாம்.

உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.
நுனியிலிருந்து.
அடியில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும்;
இது டிப்ளமோவில் வராத பாடம்,
என் தலை எனக்குச் சொன்னது.
மூங்கில் குச்சி, கையுறை, பக்கத்தில் வாளி.
அறுந்த இழை பதினொன்று கிடைத்தது.
திறந்த வாயோடு விட்டால் சேறு குடிக்கும்,
ஒவ்வொன்றாக முடிச்சிட்டேன்.

விடிந்தது.
பிறகுதான் மருந்து:
குளோரின் கரைசலில் நான்கு மணிநேரம்,
நன்றாக அலசி, எலுமிச்சை உப்பில் இரண்டு.
இரண்டையும் கலந்துவிட்டால்
கழுவியவளை அப்புறம் தூக்கிக் கழுவ வேண்டியதுதான்.
அதற்குள் மைதீன் பிச்சை மேலப்பாளையம் போய்
வீட்டு சன்னலுக்கு வாங்கிவைத்த கம்பிவலையில்
ஒரு துண்டு வெட்டி வந்தான்.
பொண்டாட்டி திட்டியதையும் கொண்டுவந்தான்.

மதியம் பன்னிரண்டரை.
கேஜில் பதினொன்று.
வெளியே போகிற தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து
வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
மிச்சம் பாளையங்கால்வாய்க்குப் போகும்.
புல்லுக்கு இன்று பாதிதான். பெரிய ஆள் வரவுமில்லை.

கோரிக்கைக் கடிதத்தை மூன்றாம் முறையாக எழுதினேன்.
பொருள்: சல்லடைத் தகடு, ஒன்று.
இணைப்பு: மயிர், ஒரு வாளி.
சார் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.
கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி:
வாளி விடுதியின் சொத்து.
திருப்பித் தரவும்.

— உ. சங்கரவடிவு, இரவு ஷிப்ட்