பெயர் நிரல்

சங்குவேலிப் பக்கம் ஒரு வீடு விலைப்படுகிறது என்றால்
தரகருக்கு முன்னால் நான் போய் நிற்பேன்.
உறுதி யார் பெயரில், கிணற்றில் உப்போ,
அதெல்லாம் எனக்கு வேண்டாம்.
"பழைய ரெக்கோட் ஏதும் கிடக்குதோ?"

ஒருத்தர் தன் மிளகாய்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.
நடுத்துளையில் கம்பி கோர்த்து
காகம் கலைக்கத் தொங்கவிட்ட ஏழு தட்டுகள்,
வெயிலில் அப்பளமாய் நெளிந்து.
ஏழிலும் பெண்கள்.

பெண்கள் பாடியதைத்தான் சேர்க்கிறேன்.
ஆண்களுக்கு ஆள் இருக்கிறது.

நாடகக் கொம்பனிக்காரிகள் கெட்டிக்காரிகள்.
பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தைத் தொடுமுன்
அவதி அவதியாக ஒரு குரல்:
"என் பேர் மேலூர்த் தையல்முத்து!"
கடல் தாண்டித் தட்டு அடிக்கிற வெள்ளைக்காரனுக்கு
லேபிளில் என்ன போடுவதென்று தெரியவேண்டுமே.

இது மானிப்பாயில் கிடைத்தது.
மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தவரின் வீடு.
மருமகன் அருமைத்துரை குசினிக்குள் கூட்டிப்போனார்.
மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் கறுப்பாய் ஒரு மூடி.
தொண்ணூறுகளில் உள்ளே இருந்தது தங்கம்,
மேலே இருந்தது இது.

"காசு வேண்டாம். மூடிக்கு மூடி தந்திட்டுக் கொண்டுபோங்கோ."
என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.
பொருந்தவில்லை.
மேலே ஒரு கல்லை வைத்தார்.

சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன்.
விளிம்பிலிருந்து ஒரு விரிசல்.
லேபிளில் மிஞ்சியது
ஓர் இலக்கமும் ஏதோ பறவையின் வாலும்.
இரும்பு ஊசி இதைத் தின்றுவிடும்;
காரை முள்ளைச் சீவிப் பொருத்திக்
கைபிடியைச் சுற்றினேன்.

தமிழ் இல்லை.
அமெரிக்காவின் ஒரு கறுப்புப் பெண், ஒரு பியானோ,
விரிசல் வரும்போதெல்லாம் ஒரு டிக்.
மிஷனுக்கு வந்த நேர்ஸ் ஒருத்தி
பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருப்பாள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டிருக்கமாட்டாள்.

ஒரு வரி சொல்கிறாள்.
அதையே திரும்பவும் சொல்கிறாள்,
நாங்கள் கேட்கவில்லை என்பதுபோல.
மூன்றாவது வரியில்தான் நடந்ததைச் சொல்கிறாள்:
ஆறு படி ஏறி வந்ததாம்.

பெரியாஸ்பத்திரிப் பதிவுக் கந்தோரில்
இருபத்தாறு வருஷம் யன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நான்.
அங்கு வந்த தாய்மாரும் இப்படித்தான்.
மகனின் பெயர்.
மகனின் பெயர்.
பிறகுதான் என்ன நடந்ததென்று.

மூன்று நிமிஷம்.
நான் காத்திருந்தேன், பழக்கதோஷம்,
இப்ப சொல்லுவாள், இப்ப சொல்லுவாள் என்று.
பியானோ நின்றது.
முள் உள்வட்டத்தில் சுற்றத் தொடங்கியது.
டிக். டிக்.

கொப்பியை எடுத்தேன். இலக்கம் இருநூற்றுப் பதினாலு.
பத்து அங்குலம். விரிசல் ஒன்று. கிடைத்த இடம் மானிப்பாய்.
பெயர் என்ற நிரலில்
கந்தோரில் நாங்கள் போடுகிற சொல் ஒன்று உண்டு:
தெரியாது.
அதை எத்தனை தரம் எழுதிய கை இது.
பேனையை மூடிவைத்துப் பென்சிலால்
'இன்னும் சொல்லவில்லை' என்று எழுதினேன்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது.
முள் மழுங்கிவிட்டது,
சீவிக்கொண்டிருக்கிறேன்.