இரண்டு கிராம்

ஏழு வருசச் சம்பளத்துக்கு மேலே
குவைத்தில் வீட்டுக்காரி தந்தது ஒரு சிமிழ்.
அதையும் தராசில் வைத்துக் காட்டித்தான் தந்தாள்:
குங்குமப்பூ, இரண்டு கிராம்.

சம்மாந்துறையில் நாங்கள் அவணக்கணக்கு ஆட்கள்.
மில்லில் லொறியோடு நிறுத்து
லொறியைக் கழித்து
மிச்சத்தை நெல் என்போம்.
இரண்டு கிராம் என்பது
சாக்கை உதறினால் பறக்கிற தூசு.

"இதென்ன, தும்பா?" என்றார் உதுமாலெப்பை,
தங்கச்சி மகளின் வலீமாவுக்குக் கிடாரம் ஏற்ற வந்தவர்.
"நிறம்தானே வேணும்? பவுடர் இருக்கு புள்ள.
ஒரு கரண்டிக்கு மூணு கிடாரம் சிவக்கும்."

இரண்டு கிளாசில் தண்ணீர் எடுத்தேன்.
அவருடைய பவுடர் விழுந்த இடத்திலேயே கத்தியது.
என்னுடைய இழை சும்மா மிதந்தது.
வெற்றிலை போட்டு, துப்பி, திரும்பி வந்து பார்த்தார்:
கடன் திருப்பிக் கொடுக்கிறவன் மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது மஞ்சள்.
இழை மட்டும் இன்னும் சிவப்பு.

சாரதி கொலாம்ரெஸா சொன்னதைச் சொன்னேன்.
ஈரானில் காயென் பக்கம் அவனுடைய ஊர்.
நாங்கள் வட்டையில் மாரி விதைக்கிற மாதம்
அங்கே அது பூக்கிறதாம், மண்ணோடு ஒட்டி,
வெங்காயம் போல ஒரு கிழங்கிலிருந்து.
வெயில் தொடுமுன் ஒடிக்கவேண்டும்.
பனியில் விரல் மரத்துப்போய்
அவன் உம்மா வாயால் ஊதி ஊதிப் பறிப்பாளாம்.
பூவுக்கு மூன்றே நூல்.
ஊதா இதழ் முழுக்கப் பதர், முற்றத்தில் குவியும்.
நூலைக் காயவைத்தால் அதிலும் ஐந்தில் நாலு காற்றோடு போகும்.
நூற்றைம்பது பூவுக்கு ஒரு கிராம்.

"அப்ப விதைநெல்லுக்கும் காணாதே"
என்றார் உதுமாலெப்பை.
ஆனாலும் பவுடரை மடித்து மடிக்குள் செருகினார்.

பாதியைச் சீனி போட்டு இடித்தேன்.
பாதியை முழுசாகவே இளஞ்சூட்டுப் பாலில் போட்டேன்.
தம் போடுமுன் ஒரே கிடாரத்தில், ஒரே மூலையில்
அவரே ஊற்றினார், மூச்சை அடக்கிக்கொண்டு.

பெண்கள் பக்கம் மூன்றாவது சஹன்.
மாப்பிள்ளையின் சாச்சி ஜெசீமா
சோற்றிலிருந்து ஒரு நூலை எடுத்து
பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"சாக்கு நூல்" என்று சஹன் ஓரத்தில் தடவினாள்.

மூன்றில் ஒரு பூ.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சோறு நன்றாகத்தான் போனது.
கழுவ வந்தபோது அந்த ஓரத்தை
விரலால் வழித்து வாயில் வைத்தேன்.
கசப்பு. பின்னால் கொஞ்சம்
வெயிலில் கிடந்த வைக்கோல்.

ஏழு வருசம் அதில் சமைத்திருக்கிறேன்.
தின்றது இதுதான் முதல்.