கோட்டுக்கு மேலே

முதலில் சுவரை அளந்தேன்.
அந்த டிசம்பரில் தண்ணீர் நின்றுபோன இடத்தில்
கறுப்பாய் ஒரு கோடு,
எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடும் எண்ணெய்க் கோடு.
தரையிலிருந்து பதினான்கு அங்குலம்.
டேப்பைக் கைப்பையில் போட்டேன்,
கூடவே பெரிய பைப் ரென்ச்சையும்.

"யார் மண்டைய ஒடைக்கப் போறே?" என்றான் டில்லிபாபு.
அவனுக்கு நீல மீன்கூடையே போதும்.
ஆறு வருஷமாய் அதில்தான்
ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் டெஸ்டரும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன,
காசிமேட்டில் ஏலம் போகாத சரக்காட்டம்.
பத்தாம் நம்பர் வேண்டுமென்றால் கூடையைக் கவிழ்க்கணும்.
கவிழ்த்தாலும் கைக்கு வருவது பன்னிரண்டு.

சீட்டு எடுத்ததில் ஒன்பதாயிரம் இருக்கிறது.
குட்டியானை வாடகை ஐந்நூறு போக மீதிதான் பெட்டிக்கு.

லிங்கிச் செட்டித் தெரு, முதல் கடை.
சிவப்புப் பெட்டி, ஏழு அறை,
சீர்வரிசைத் தட்டோடு தூக்கிப் போகலாம், அப்படி ஒரு பளபளப்பு.
ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினார் கடைக்காரர்.
"வெண்ணெ மாதிரி போவும் மேடம். சார் வர்லியா?"
வரவில்லை.
அறையை முழுக்க வெளியே இழுத்து
முன்விளிம்பில் ரென்ச்சை வைத்தேன்.
பெட்டி மொத்தமும் முன்னால் சாய்ந்து
என்னைக் கும்பிட்டது.
"காலியா இருந்தா நல்லா நிக்கும்" என்றார்.
காலியாக இருந்தால் மீன்கூடையும்தான் நிற்கும்.

அடுத்த கடையில் கறுப்பு.
தொட்டதும் தானே மூடிக்கொண்டது, பெருமூச்சு விட்டபடி.
பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
அசையவில்லை.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
இருபத்து மூன்றாயிரம்.
என் வண்டியையே அந்த விலைக்குத்தான் வாங்கினேன்.
சீட்டைத் திருப்பியபடியே விட்டு வந்தேன்.

பிளாஸ்டிக்கும் பார்த்தேன்.
துருப்பிடிக்காது, வாஸ்தவம்.
அதற்குள் உடைந்துவிடும்.

நாலாவது கடைக்காரர்
பத்து வருஷத்துக்குத் துருவே வராது என்றார்.
எந்த ஊரில், என்றேன்.
"உங்க வீடு எங்க?"
எர்ணாவூர். ராத்திரியில் அலைச் சத்தம் கேட்கும்.
பத்தை ஐந்தாக்கினார்,
நான் பேரமே பேசவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது
மூலக்கொத்தளத்தில் ஜைனுல்லா பாயின் பழைய இரும்புக் கடை.
மூடிப்போன ஏதோ ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததாம்,
சாம்பல் பச்சை, ஐந்து அறை,
மேல் மூடியில் யாரோ டீ கிளாஸ் வைத்து வைத்து
வளையம் வளையமாய்த் தடம்.
முட்டியால் தட்டினேன்.
டப் என்று அலறவில்லை, தும் என்றது,
பேச விருப்பமில்லாத ஆள் போல.
ரென்ச்சை வைத்தேன்.
அறை அப்படியே நின்றது.
இன்னொரு ரென்ச் இருந்தால் அதையும் வை என்று நின்றது.
மூன்றாவது அறை மட்டும் திறக்கவில்லை.

"இது பெட்டி வெல இல்லம்மா, எட வெல.
கிலோ தொண்ணூத்தஞ்சு."
காலையிலிருந்து நான் கனத்தைத்தான் தேடி அலைகிறேன்,
இவர் ஒருவர்தான் கனத்துக்குக் காசு கேட்டார்.
தராசில் அறுபத்தெட்டு.
ஆறாயிரத்து நானூற்று அறுபது.
திறக்காத அறைக்கு அறுபதைக் கழிக்கச் சொன்னேன்.
கழித்தார், முனகிக்கொண்டே.

தெருமுனை வெல்டரிடம் ஆங்கிளில் ஸ்டாண்டு,
ஆயிரத்து எண்ணூறு.
எத்தனை உயரம் என்றார்.
பதினாறு அங்குலம்.
"எல்லாரும் ஆறு, எட்டுதான் கேப்பாங்க."
எல்லார் சுவரிலும் கோடு இருக்காது அண்ணே.

இப்போது ஷட்டரைத் தூக்கினால்
எதிரே நிற்கிறது.
முதல் அறையில் ஸ்பேனர்கள், எட்டிலிருந்து முப்பத்திரண்டு வரை,
பத்தின் இடத்தில் மட்டும் துணி தெரிகிறது.
இரண்டு அங்குலம் மேலே என்பது என் கணக்கு,
மழை வேறு கணக்கு வைத்திருக்கலாம்.
அதனால் அடி அறையை டில்லிபாபுவுக்குக் கொடுத்தேன்,
கேரம் காய்களுக்கும் அவன் போரிக் பவுடருக்கும்.

மூன்றாவது அறைக்கு
தினமும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுகிறேன்.
பெட்டியை ஆட்டினால் உள்ளே ஏதோ உருள்கிறது.
பத்தாம் நம்பர்தான் என்று
சத்தியம் பண்ணுகிறான்.